அநியாயம் நடந்து மனம் உடைந்திருக்கும்போது: ஆட்டிசம் உள்ளவர்கள் உருப்படியான உதவியைப் பெற ஒரு முழுமையான வழிகாட்டி

யாரோ உங்களுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். அந்த நினைப்பு தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. உதவி கேட்டுப் போன இடத்திலும் "விட்டுத்தள்ளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த நிலையில் இருக்கும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடன் இருக்கும் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் 8-ஆம் பகுதி இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரங்களில் பலரோடு கூட உட்கார்ந்து, புகார் எழுதவும் ஹெல்ப்லைனுக்கு மெசேஜ் அனுப்பவும் துணையாக இருந்திருக்கிறேன். புதிதாக உதவி தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நெருக்கடியையும் அநியாயத்தையும் ஒரே ஆளிடம், ஒரே பேச்சில் தீர்த்துவிடப் பார்க்கிறார்கள். இவை இரண்டும் தனித்தனி வேலைகள், வெவ்வேறு ஆட்கள் செய்ய வேண்டியவை. முதலில் உயிரும் உடம்பும், அப்புறம் நியாயம். நியாயத்தை இரண்டாவதாக வைப்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. அதை யாரும் கைவிடப்போவதில்லை என்று தெரிந்தால்தான் மனம் முதல் வேலைக்கே சம்மதிக்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், உடனே தொடர்புகொள்ளுங்கள்: இந்தியாவில் அரசின் மனநல ஹெல்ப்லைனான டெலி-மானஸ் 14416 (தமிழிலும் பேசலாம்), இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14. ஏற்கெனவே உங்களைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை அழைக்கச் சொல்லுங்கள்.

1. நன்றாக இருக்கும் நாளில் செய்துவைக்க வேண்டியவை

நெருக்கடி வந்த பிறகு உதவி தேடத் தொடங்கினால் பாதி வழியிலேயே சக்தி தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் பேச்சு நின்றுபோகலாம். எந்த எண், யாரிடம், எது முதலில் என்று வரிசைப்படுத்தவே முடியாமல் போகலாம். இன்றைக்கே நெருக்கடியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டு 2-க்குப் போங்கள்.

முதல் தேவை ஒரு பக்கத் தாள். உங்களை அறியாத ஒருவர் ஒரே நிமிடத்தில் படித்து, உங்களோடு எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும். போனில் படமாக ஒன்று, பர்ஸில் மடித்து ஒன்று. இந்த அளவு போதும்:

"எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. அழுத்தம் அதிகமானால் என்னால் பேச முடியாது, எழுதிக் காட்டுவேன். தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, பதிலுக்கு ஒரு நிமிடம் பொறுங்கள். என் முகம் மாறாமல் இருப்பதாலோ நான் சிரிப்பதாலோ நன்றாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உடம்பை ஆட்டுவது என்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி, தடுக்காதீர்கள். எடுக்கும் மருந்துகள்: … அழைக்க வேண்டியவர்: …"

முகம் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதிகம் தேவைப்படுவது அதுதான். மருத்துவமனையிலும் சரி, காவல் நிலையத்திலும் சரி, ஒருவரின் வேதனையை முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் எடைபோடுகிறார்கள். பல வருடங்களாக மாஸ்க்கிங், அதாவது ஆட்டிசத்தை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொள்வது, செய்து பழகியவர் தாங்க முடியாத நிலையிலும் தெளிவாக, கோர்வையாகப் பேசுவார். பேச்சைக் கேட்டவர் "இவருக்கு ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டிவிடுவார். 2018-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆட்டிசத்தை மறைத்து வாழ்வதும் தேவையான ஆதரவு கிடைக்காமல் இருப்பதும் தற்கொலை அபாயத்தோடு தொடர்புடையவை என்று கண்டது. மறைக்கும் திறமை அதிகமாக இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, ஒரு மனிதர். "ஏதாவதுன்னா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொன்னவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: "ராத்திரி 11 மணிக்கு நான் மெசேஜ் அனுப்பினால் பார்ப்பீர்களா? பார்க்க முடியாத நாட்களில் நான் யாரைக் கேட்பது?" நெருக்கடியில் இருக்கும்போது நம்பியவர் பதில் போடவில்லை என்றால், அதுவே இன்னொரு அநியாயமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லையை முன்கூட்டியே பேசிவைத்தால் அந்த அடி விழாது.

மூன்றாவது, அனுப்பத் தயாரான மெசேஜ்கள். அந்த மனிதருக்கு ஒன்று, ஹெல்ப்லைனுக்கு ஒன்று, வேலை அல்லது படிக்கும் இடத்துக்கு ஒன்று ("உடல்நிலை சரியில்லை, இன்று வர முடியாது"). போனின் நோட்ஸில் இருந்தால் போதும். உங்கள் பகுதியில் எந்த ஹெல்ப்லைனில் சாட் அல்லது மெசேஜ் வசதி இருக்கிறது, எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதையும் இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள். பலருக்குப் போனில் பேசுவதே பெரிய தடை.

2. முதலில் உடம்பை இறக்குங்கள்

மெல்ட்டவுனிலோ (சுமை தாங்காமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது) ஷட்டவுனிலோ (பேச்சும் அசைவும் நின்று உள்ளே ஒடுங்கிப்போவது) இருக்கும்போது எந்தக் கவுன்சிலராலும் உங்களுக்கு உதவ முடியாது. கேட்பது உள்ளே போகாது. அதனால் யாரையும் தொடர்புகொள்ளும் முன் உடம்பின் சுமையைக் குறையுங்கள். விளக்கை அணைக்கலாம், ஹெட்போன் போடலாம், இறுக்கமான உடையை மாற்றலாம், கனமான போர்வைக்குள் போகலாம், வழக்கமான ஸ்டிம்மிங் (உடம்பை ஆட்டுவது, கையை உதறுவது போன்ற, அமைதிப்படுத்தும் அசைவுகள்) எதுவோ அதைச் செய்யலாம்.

அப்புறம் தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பசி, தாகம், களைப்பு போன்ற உடம்பின் செய்திகள் ஆட்டிசம் உள்ள பலருக்குச் சரியாக எட்டுவதில்லை. காலையிலிருந்து சாப்பிடாதவர் மாலையில் உணரும் நடுக்கம் முழுவதும் அந்த அநியாயத்தின் கணக்கில் ஏறிவிடும். சாப்பிட்டால் அநியாயம் குறையாது. ஆனால் அதைத் தாங்கும் உடம்பு கிடைக்கும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு, அநியாயம் செய்தவருக்கே நீளமாக எழுதி அனுப்புவது. வேலையை விட்டுவிடுவதாக மெயில் போடுவது, பொதுவெளியில் பெயரோடு பதிவிடுவது ஆகியவையும் இதே ரகம். எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், நோட்ஸில் வையுங்கள். குறைந்தது ஒரு இரவு தூங்கி எழும்வரை அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்வது தவறு என்பதால் இதைச் சொல்லவில்லை. பிற்பாடு விசாரணை என்று வந்தால், முதலில் அவர் செய்தது பின்னுக்குப் போய், நீங்கள் அனுப்பிய அந்த ஒரு மெசேஜ் மட்டும் முன்னால் நிற்கும். இதனால் நியாயமான புகார்கள் சரிந்துபோயிருக்கின்றன.

3. எந்த வகை அநியாயம் என்று பிரியுங்கள்

உடம்பு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் இது. யாரிடம் போவது என்பது நடந்ததன் வகையைப் பொறுத்தது. தவறான கதவைத் தட்டினால் அங்கே கிடைக்கும் மறுப்பு, முதல் காயத்தின் மேல் இன்னொன்றாக விழும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? அடி, பாலியல் தொல்லை, மிரட்டல், பணத்தைப் பறித்துக்கொள்வது, வெளியே போகவிடாமல் வைப்பது என்று எதுவாக இருந்தாலும், தொடர்கிறது என்றால் அந்த இடத்தைவிட்டு வெளியேறுவதுதான் முதல் உதவி. பேசிப் புரியவைக்கும் முயற்சி அதற்குப் பிறகுதான். பாலியல் வன்முறை என்றால் மருத்துவச் சான்றுகள் நேரம் ஆக ஆக அழியும். குளிக்கும் முன், உடையைத் துவைக்கும் முன், மருத்துவமனைக்குப் போக முடிந்தால் நல்லது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பல இடங்களில் பிறகுகூட முடிவு செய்யலாம்.

இரண்டாவது வகை, விதி மீறப்பட்டது. வேலையில் பாகுபாடு, கொடுப்பதாக எழுதித் தந்த வசதியைக் கொடுக்காதது, மருத்துவர் சம்மதம் கேட்காதது போன்றவை. இதற்கு எழுத்து வழியில் புகார் முறைகள் இருக்கும்.

மூன்றாவது, நம்பிக்கை முறிந்தது. "நாளைக்குப் பேசுகிறேன்" என்றவர் பேசவில்லை. நண்பர்கள் உங்களைக் கூப்பிடாமல் கூடினார்கள். உங்கள் ரகசியத்தைச் சொல்லிவிட்டார்கள். இதற்குப் புகார் அலுவலகம் கிடையாது. ஆனாலும் வலி உண்மையானது, நெருக்கடி உதவிக்கு இதுவே போதுமான காரணம். "இதுக்கெல்லாமா?" என்று உங்களையே கேட்டுக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

"நீ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய்" என்று உங்களிடம் சொல்வார்கள். ஆட்டிசம் என்றாலே மனிதர்களைப் புரிந்துகொள்ளும் குறை என்ற பழைய எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் வேறு விதமாகச் சொன்னார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களைத் தவறாகவே படிக்கிறார்கள். அதனால் நடந்தது பற்றிய சந்தேகம் இருந்தால், அதை இருவர் கணக்கிலும் எழுதுங்கள். என்ன நடந்தது என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். அது உங்களைக் காயப்படுத்தியது என்பது தெரியும். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

4. ஹெல்ப்லைனை முதல் வரியிலேயே வழிக்குக் கொண்டுவாருங்கள்

பல ஹெல்ப்லைன்களில் பேசுபவர் ஒரு தன்னார்வலர். ஆட்டிசம் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பேச்சு போகும் திசை முதல் இரண்டு மூன்று வரிகளிலேயே முடிவாகிவிடும். அதனால் கதையைப் பிறகு வைத்துக்கொண்டு, தேவையை முதலில் சொல்லுங்கள்:

"எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது, அதைப் பற்றி நடவடிக்கை எடுக்கப்போகிறேன். இப்போது வேண்டியது இன்றிரவைப் பாதுகாப்பாகக் கடப்பது. மூச்சுப் பயிற்சி வேண்டாம், எனக்கு உதவாது. நடந்ததை நான் தவறாகப் புரிந்துகொண்டேனா என்று இப்போது ஆராய வேண்டாம். நேரடியான கேள்விகளாகக் கேளுங்கள்."

மூச்சுப் பயிற்சி உங்களுக்கு உதவும் என்றால் அந்த வரியை எடுத்துவிடலாம். நடவடிக்கை பற்றிய வரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் கேட்பவர் உங்கள் கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் சமாதானம் செய்யப் பார்ப்பார். அவர் நம்பவில்லை என்று நினைத்து நீங்கள் மறுபடி முதலிலிருந்து சொல்வீர்கள். அரை மணி நேரம் இப்படியே போகும்.

அடுத்தது, கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வது. "இப்போது உங்களைக் காயப்படுத்திக்கொள்ளப் போகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறீர்கள். இந்த நிமிடம் அப்படி ஒன்றும் செய்யப்போவதில்லை என்பதால் "இல்லை" என்று பதில் போடுகிறீர்கள். அவர் அதை "ஆபத்து இல்லை" என்று குறித்துக்கொள்கிறார். விடிகாலைக்குத் திட்டம் வைத்திருப்பது வெளியே வராமலே போய்விடும். வழக்கமான தற்கொலை ஆபத்துக் கேள்விகளை ஆட்டிசம் உள்ளவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொள்வதைக் கவனித்து, பிரிட்டன் ஆய்வாளர்கள் 2021-இல் அவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஹெல்ப்லைனில் அது இருக்காது, எனவே நீங்களே நிரப்ப வேண்டும். கேள்வி எப்படி இருந்தாலும் இந்த மூன்றையும் சொல்லுங்கள்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறேனா, அதற்கானது என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா.

உணர்ச்சிக்குப் பெயர் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அலெக்ஸிதைமியா, அதாவது தன் உணர்ச்சியை அடையாளம் காண்பதில் சிரமம் இருப்பதாக 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். "எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு "தெரியாது, ஆனால் நெஞ்சு இறுகியிருக்கிறது, மூன்று நாளாகத் தூக்கமில்லை, ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது" என்பது முழுமையான பதில்.

ஒருவர் சரிவரவில்லை என்றால் முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். வேறொருவர் எடுப்பார். ஒரு தன்னார்வலரின் பதிலை வைத்து உலகமே கைவிட்டுவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம்.

5. நடந்ததைத் தலைப்புச் சீட்டுகளாக எழுதுங்கள்

இதைச் செய்யச் சரியான நேரம், நெருக்கடியின் உச்சம் தாண்டிய அடுத்த ஓரிரு நாட்கள். முன்னால் செய்தால் காயத்தைக் கிளறும். ரொம்பத் தள்ளிப்போட்டால் விவரங்கள் மங்கும். ஸ்கிரீன்ஷாட், மெயில், ரசீது ஆகியவற்றை மட்டும் முதல் நாளே ஓரிடத்தில் சேமித்துவிடுங்கள். படிக்க வேண்டாம், சேமித்தால் போதும்.

"ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்ற கேள்வி ஆட்டிசம் உள்ள பலரைத் திணறடிக்கும். எது ஆரம்பம்? எவ்வளவு விவரம் வேண்டும்? ஒன்று பத்து வருடம் பின்னால் போய்விடுவோம், இல்லை இரண்டு வரியில் முடித்துவிடுவோம். இரண்டையும் கேட்பவர் நம்பிக்கையில்லாத சாட்சியம் என்று எடுத்துக்கொள்வார். ஆட்டிசம் உள்ள சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் விசாரிப்பதற்காக 2020-இல் பிரிட்டனில் கேட்டி மாராஸ் குழுவினர் ஒரு முறையை உருவாக்கினார்கள். சாட்சி முதலில் சம்பவத்தைத் தானே பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பை ஒட்டும் சீட்டில் எழுதுவார். பிறகு ஒரு சீட்டை எடுத்து, அதைப் பற்றி மட்டும், சொல்ல முடிந்த அனைத்தையும் சொல்லி முடித்த பிறகே அடுத்த சீட்டு. இந்த முறையில் ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கூடுதலாக, துல்லியமாக நினைவுகூர்ந்தார்கள்.

இதை வீட்டிலேயே செய்யலாம். உதாரணமாக, அலுவலகக் கூட்டத்தில் அவமானப்படுத்தப்பட்டவரின் சீட்டுகள் இப்படி இருக்கும்: "கூட்டத்துக்கு முன் வந்த மெயில்", "அறைக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள்", "அவர் சொன்ன வாக்கியம்", "நான் வெளியே போனது", "மறுநாள் வந்த அழைப்பு". ஒவ்வொரு சீட்டின் கீழும் பார்த்தது, கேட்டது, தேதி, நேரம், கூட இருந்தவர்கள். "அவர் என்னை வெறுக்கிறார்" போன்றவற்றைத் தனியாக வேறொரு தாளில் எழுதுங்கள். அவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் கவுன்சிலரிடம். புகாரில் அவை சேர்ந்தால், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும்.

எழுதும்போது கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, அதிகபட்சம் அரை மணி நேரம். ஆட்டிசம் உள்ள மனம் ஒன்றைப் பிடித்தால் விடாது. அந்த ஆழ்ந்த கவனம் புகாருக்குப் பெரிய பலம்தான், எல்லை வைக்காவிட்டால் தூக்கத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

6. தொடர்ந்து உதவும் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

ஹெல்ப்லைன் ஓர் இரவுக்கு. அடுத்து வரும் வாரங்களுக்கு ஒரு தெரபிஸ்ட், கவுன்சிலர் அல்லது மனநல மருத்துவர் வேண்டும். முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் இந்தக் கேள்விகளை அனுப்புங்கள்: ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? நான் எழுதிக் கொண்டுவருவதைப் படிப்பீர்களா? அறையின் விளக்கையும் சத்தத்தையும் குறைக்க முடியுமா? எனக்கு நடந்த அநியாயம் உண்மை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு உரைகல். "உங்கள் எண்ணத்தை எப்படி மாற்றலாம் என்று பார்ப்போம்" என்று மட்டும் சொல்பவர் இந்த வேலைக்கு ஒத்துவர மாட்டார். எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சை முறை பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் உண்மையிலேயே கொடுமைப்படுத்தப்பட்டவரிடம் "வேறு கோணத்தில் பாருங்கள்" என்று தொடங்கினால், அவர் தன் கண்ணையே நம்பாமல் போவார். "முதலில் நடந்ததைக் கேட்கிறேன், எதை மாற்ற முடியும், எதற்குப் புகார் கொடுக்கலாம், எதற்குத் துக்கப்பட வேண்டும் என்று சேர்ந்து பிரிப்போம்" என்ற பொருளில் பேசுபவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆட்டிசம் உள்ள மற்றவர்களின் ஆதரவும் தேடத் தக்கது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செய்தி கடத்தும் வரிசைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் செய்தி, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதறியது. விளக்கம் கொடுத்துக் களைத்துப்போனவருக்கு, விளக்காமலே புரிந்துகொள்ளும் ஒருவரோடு ஒரு மணி நேரம் இருப்பது பெரிய ஆறுதல். ஒரு எச்சரிக்கை மட்டும்: குழுவில் எல்லோரும் தங்கள் காயங்களையும் சேர்த்துக் கொட்டி, வெளியே வரும்போது நீங்கள் கூடுதலாகக் கொதித்திருந்தால், அந்தக் குழு இப்போதைக்கு வேண்டாம்.

7. பாதுகாப்புத் திட்டத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்

தற்கொலைத் தடுப்பில் உலகமெங்கும் பயன்படும் பாதுகாப்புத் திட்டத்தை அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வடிவமைத்தார்கள். அதன் வரிசை: எச்சரிக்கை அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, கவனத்தை மாற்றும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி, சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்றபடி இதை மாற்றும் வேலையும் பிரிட்டனில் நடந்திருக்கிறது.

பொதுப் படிவத்தை அப்படியே நிரப்புவதுதான் இங்கே வழக்கமான தவறு. "நண்பர்களோடு வெளியே போவேன்" என்று எழுதிவைப்பார்கள், கூட்டமே அவர்களுக்குச் சுமை என்பதை மறந்து. உங்கள் எச்சரிக்கை அறிகுறி அழுகையாக இல்லாமல் இருக்கலாம். ஒரே உணவை மட்டும் சாப்பிடுவது, சத்தம் திடீரென்று தாங்காமல் போவது, பழைய மெசேஜ்களை விடிய விடியப் படிப்பது, பிடித்த விஷயத்தில் ஆர்வம் அற்றுப்போவது என்று இருக்கலாம். பிடித்த விஷயத்தை 'தனியாகச் செய்யக்கூடியவை' பட்டியலில் முதலில் எழுதுங்கள். அது ரயில் கால அட்டவணையாக இருந்தாலும் சரி.

சுற்றுப்புறம் என்ற பகுதியை இன்றே செய்யுங்கள். கூடுதலாக இருக்கும் மாத்திரைகளையும், ஆபத்தான மற்றவற்றையும் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவைப்பது. உச்சகட்டத் தூண்டுதல் பெரும்பாலும் நிரந்தரமாக நிற்பதில்லை, எழுந்து அடங்கும். அந்த இடைவெளியில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும்.

8. உடன் இருப்பவர்களுக்கு

முதல் மணி நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். "நான் இங்கேதான் இருக்கிறேன். பதில் சொல்ல வேண்டாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். பிடித்து அமுக்காதீர்கள். அது பயத்தைக் கூட்டும், குப்புறப் படுக்கவைத்து அமுக்கினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, நம்புங்கள். "அவங்க அப்படிப்பட்டவங்க இல்லையே" என்ற ஒரு வார்த்தை போதும், இனி அவர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். விவரம் முழுக்கத் தெரியாதபோதும் "இது உங்களை இவ்வளவு வருத்தியிருக்கிறது, இதை விட்டுவிட மாட்டோம், இன்று முதலில் தூக்கம்" என்று சொல்ல முடியும். சொன்னால் அதன்படி நில்லுங்கள். நாளை காலை 10 மணிக்கு உட்கார்ந்து எழுதலாம் என்றால், 10 மணிக்கு அங்கே இருங்கள்.

அவசர உதவியை அழைக்க வேண்டி வந்தால், அவருக்கு ஆட்டிசம் இருக்கிறது, பேச முடியாமல் இருக்கலாம், தொட்டால் பதறுவார், கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்பதை (உண்மையானால்) முதல் வாக்கியங்களிலேயே சொல்லுங்கள். சைரனையும் விளக்கையும் நிறுத்திவிட்டு வர முடியுமா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் நிற்பதையும் கைகளை உதறுவதையும் எதிர்ப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, உதவிக்கு வந்தவர்களே ஆபத்தாக மாறக்கூடும்.

9. இனி நியாயம் கேட்கும் வேலை

தூக்கமும் சாப்பாடும் ஓரளவு சரியான பிறகு தொடங்குங்கள். ஆனால் புகாருக்குக் காலக்கெடு இருக்கிறதா என்பதை மட்டும் முதல் வாரத்திலேயே வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் காலக்கெடு உண்டு, மனநிலை சரியில்லை என்பதால் அது தானாக நீளாது.

புகாரை ஒரு பக்கத்தில் அடக்குங்கள்: என்ன நடந்தது, எந்த விதி அல்லது வாக்குறுதி மீறப்பட்டது, என்ன வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மன்னிப்புக் கடிதம், பதிவைத் திருத்துவது, வேறு மேலதிகாரி, பணத்தைத் திருப்பித் தருவது என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தலைப்புச் சீட்டுகளில் எழுதியதைப் பின்னிணைப்பாக வைக்கலாம்.

வசதிகளை உரிமையாகக் கேளுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, நீதி பெறும் வழிமுறையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது. உலகின் பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தருவது, இடைவேளை, துணைக்கு ஒருவர், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டாம் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். கண்ணைப் பார்க்காமல் இருப்பதைப் பொய் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அந்தக் குறிப்பு விசாரணை தொடங்கும் முன்பே கோப்பில் ஏறிவிட வேண்டும்.

அனுப்பிய பிறகு, பதிலைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். பதில் வந்தால் தனியாகத் திறக்காதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மனிதர் முதலில் படித்து, என்ன முடிவு என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும். நிராகரித்திருந்தால் அன்றைக்கு 2-ஆம் பகுதியும் 7-ஆம் பகுதியும் மட்டும்தான். காரணத்தை எழுத்தில் கேட்பது, மேல்முறையீட்டுக்கு யாரிடம் போவது என்பதெல்லாம் மறுநாள் வேலை.